எட்டு நிமிடக் காற்று

கல்குவாரி முதலாளியின் ஜீப்பை ஓட்டியவரை யாரும் டிரைவர் என்று கூப்பிட்டதில்லை. அவருக்கு சாக்பீஸ் என்ற பெயர்தான் நிலைத்துவிட்டது. பேனா இருக்க வேண்டிய சட்டைப் பையில் எப்போதும் ஒரு துண்டு சாக்பீஸ் இருக்கும். வீட்டில் தையல் தைக்கும் மனைவி, துணியில் அளவுக் கோடு போட்டுத் தேய்ந்துபோன துண்டுகளை அவருக்குக் கொடுத்துவிடுவாள். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத மனுஷன் சாக்பீஸை மட்டும் விடமாட்டேன் என்கிறாரே என்று குவாரியில் கிண்டலடிப்பார்கள்.

டயருக்குக் காற்று சரியா என்று அவர் மீட்டரைப் பார்க்க மாட்டார். டயரின் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். வண்டியைப் பத்தடி நகர்த்திவிட்டு, இறங்கிக் குனிந்து பார்ப்பார். கோடு நடுவில் மட்டும் அழிந்திருந்தால் காற்று அதிகம், ஓரங்களில் மட்டும் அழிந்திருந்தால் குறைச்சல். முழுக்க ஒரே சீராக அழிந்திருந்தால்தான் டயர் தரையில் ஒழுங்காகப் பதிகிறது, உள்ளே இருப்பவரின் இடுப்பு தப்பிக்கும். இருபத்திரண்டு வருடத்தில் இந்த வேலையில் அவரைக் குறை சொன்னவர் கிடையாது. வேலையில் சூரர்தான். ஆனால் முதலாளி கனைத்தாலே கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வருவார்.

ஒரு நாள் முதலாளியின் மச்சான் ஜீப்பைக் கொண்டுபோய் நாலு அங்குலம் தூக்கிக் கட்டி, இடுப்புயர டயர்களை மாட்டிக்கொண்டு வந்தார். டயரின் பக்கவாட்டில் ஐம்பது என்று அச்சடித்திருந்தது. இதற்கு மேல் காற்றடித்தால் தாங்காது என்று எச்சரிக்கப் போட்ட எண் அது. அந்த மேதாவியோ அதுதான் நிரப்ப வேண்டிய அளவு என்று நினைத்து, நான்கிலும் ஐம்பது ஏற்றிவைத்தார். டயர் கல்லாகிவிட்டது. சின்னக் குச்சியின் மேல் ஏறினாலும் உள்ளே இருந்தவர்களுக்குப் பல் ஆடியது.

சாக்பீஸ் கோடு போட்டுப் பார்த்தார். நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் அழிந்திருந்தது. யாரிடமும் சொல்லாமல் இருபத்தைந்துக்கு இறக்கினார். மறுநாள் நண்பர்களோடு வந்த முதலாளி, லேசாகப் பிதுங்கியிருந்த டயரைப் பார்த்ததும் ஆட்கள் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"யாரைக் கேட்டு எறக்கின? வண்டி சோப்ளாங்கி மாதிரி உக்காந்திருக்கு."

கம்ப்ரஸரை அணைக்கச் சொல்லிவிட்டு, ஒரு கைப்பம்பைத் தூக்கி அவர் காலடியில் போட்டார். நான்கு டயரும் திரும்ப ஐம்பதுக்கு ஏற மதியம் ஆகிவிட்டது. நண்பர்கள் நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டே அவர் பம்பை அடிப்பதை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். அதற்குப் பிறகு சாக்பீஸ் அந்த டயர்களைத் தொடவில்லை.

அந்த வருடம் மனைவிக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது, உள்தையல் இன்னும் பச்சையாக இருக்கிறது, குலுக்கல் மட்டும் கூடவே கூடாது என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். முதலாளி நாலு பேர் பார்க்க ஜீப்பைக் கொடுத்தார்.

தார் ரோடு முடிந்து குவாரியின் கல் பாதை தொடங்கும் இடத்தில் சாக்பீஸ் வண்டியை நிறுத்தினார். வீட்டுக்கு இன்னும் ஆறு கிலோமீட்டர். வால்வில் ஒரு தீக்குச்சியை வைத்து அழுத்தினால் டயருக்கு இரண்டு நிமிடம், நான்குக்கும் சேர்த்து எட்டு. அவ்வளவுதான் வேலை. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஒரு கோடும் போட்டுவிட்டார். அப்போதுதான் கைப்பம்பு ஞாபகத்துக்கு வந்தது. காற்றை இறக்கினால் திரும்ப ஏற்ற வேண்டும், அதற்கு அத்தனை பேர் முன்னாலும் கம்ப்ரஸரிடம் போய் நிற்க வேண்டும். கோட்டை உள்ளங்கையால் துடைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

"என்ன பாத்தீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. எல்லாம் சரியாத்தான் இருக்கு."

மாட்டு வண்டி வேகத்தில்தான் ஓட்டினார். ஓட்டி என்ன பயன்? ஒவ்வொரு கல்லும் நேராக அவள் வயிற்றுக்குள் ஏறியது. தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்தாள், கத்தவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது தலையணை ரத்தத்தில் நனைந்திருந்தது. அதே ஜீப்பில், அதே பாதையில், அதே ஐம்பதில் அவளைத் திரும்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இரண்டாம் தடவை வயிற்றைத் திறந்து மூடிய பிறகு அவளால் தையல் மெஷினை மிதிக்க முடியவில்லை. மெஷினின் மேல் துணி மடித்துவைக்க ஆரம்பித்தார்கள்.

நாலு மாதம் கழித்து முதலாளி தன் வீட்டுக்குச் சுவரை அடைக்கிற மாதிரி ஒரு டிவி வாங்கினார். ஜீப்பின் பின்னால் அதை ஏற்றியதும் அவராகவே சொன்னார்.

"சாக்பீஸு, காத்த எறக்கிக்க. குலுங்குச்சுன்னா ஸ்கிரீன் போயிடும்."

காற்றை இறக்கினால் குலுங்காது என்று முதலாளிக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. சாக்பீஸ் பதினெட்டுக்கு இறக்கினார். கோடு ஒரு பொட்டு மிச்சமில்லாமல் அழிந்தது. அதே கல் பாதையில் வண்டி தொட்டில் மாதிரி போயிற்று. முன்சீட்டில் முதலாளி டம்ளரில் டீ வைத்திருந்தார், ஒரு சொட்டு சிந்தவில்லை. அந்தத் திருப்தியில் வீட்டுக்காரியைப் பற்றி விசாரித்தார்.

"அன்னைக்கும் இப்படி எறக்கியிருக்கலாமேய்யா. ஒரு வார்த்தை கேட்டிருந்தா வேணாம்னா சொல்லப்போறேன்?"

"ஆமாங்க முதலாளி" என்றார் சாக்பீஸ்.

டிவியை இறக்கிவிட்டு, சாப்பிடுவதற்காக ஜீப்போடு வீட்டுக்கு வந்தார். ஜன்னலோரம் கட்டிலில் படுத்திருந்த மனைவி டயரையே பார்த்தாள். அரை அங்குல வித்தியாசத்தைக் கண்ணாலேயே பிடிக்கிறவள் அவள். டிவிக்காக இறக்கியதாகச் சொன்னார். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டாள். பொய் சொல்லலாமா என்று யோசித்தார், வாய் வரவில்லை.

"எட்டு நிமிஷம்."

டயரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"அன்னைக்கு நீங்க கோடு போட்டு அழிச்சத சைடு கண்ணாடியில பாத்துக்கிட்டுதான் இருந்தேன். எறக்கப்போறீங்கன்னு நெனச்சேன்."

கையை நீட்டினாள். அவர் பையிலிருந்த துண்டை எடுத்துக் கொடுத்தார். அவள் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். சோறு ஆறிக்கொண்டிருந்தது. டயர்களை இன்றைக்கே பழையபடி ஐம்பதுக்கு ஏற்றிவிட வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். சாக்பீஸ் சாப்பிடாமலேயே எழுந்து ஏற்றப் போனார்.