கனம் பார்த்து வாங்கிய பெட்டி

கப்பல்களின் ரேடியோக்களையும் ராடார் திரைகளையும் பழுதுபார்ப்பது என் வேலை. ஒரு கருவியைத் திறப்பதற்கு முன் அதன் குறைகளை வரிசையாக எழுதிக்கொள்வேன். எழுதாமல் திறப்பதில்லை. அந்தப் பழக்கத்தின் முதல் பக்கம் என் ஏழாம் வகுப்பு அறிவியல் நோட்டின் கடைசித் தாளில் இருக்கிறது. ஒன்று, சிவப்பு விளக்கு எரிந்து உடனே அணைகிறது. இரண்டு, இடது பக்கம் சாய்த்துப் பிடித்தால் எரிகிறது. மூன்று, ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாக வேண்டும்.

மூன்றாவது வரி குறைகளில் சேராது என்று இப்போது தெரிகிறது. அன்று அதுதான் எல்லாவற்றிலும் பெரிய குறை.

அப்பா தோணிக்குப் போனவர். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குக் காய்கறியும் செங்கல்லும் ஜல்லியும் ஏற்றிப்போகும் மரத்தோணி. தோணியின் தலைவரைத் தண்டல் என்பார்கள். அப்பா போன தோணிக்குத் தண்டல், அம்மாவின் அண்ணன், என் மாமா. எந்தச் சரக்கை எங்கே எவ்வளவு அடுக்குவது என்பது அப்பாவின் பொறுப்பு. ஒரு மூட்டையைக் கையால் தூக்கிப் பார்த்தே எடை சொல்லிவிடுவார். "எங்க மாப்ள கைதான் எங்களுக்குத் தராசு" என்று மாமாவே துறைமுகத்தில் நாலு பேரிடம் சொல்வார்.

கடல் கொந்தளிக்கும் மாதங்களில் தோணிகள் ஓடாது. அந்த ஓய்வுக்கு முந்தைய கடைசிப் பயணத்தில் இருவரும் மாலத்தீவில் ஒரே கடையில் ஆளுக்கொரு வீடியோ கேம் பெட்டி வாங்கினார்கள். ஒன்று எனக்கு, ஒன்று மாமா மகளுக்கு. இரண்டுமே உலகத்துக்கெல்லாம் தெரிந்த ஒரு கம்பெனியின் பெட்டியைப் பார்த்து வேறு யாரோ செய்தவை. அதே சாம்பல் நிறம், அதே வட்ட மூடி. விலை மட்டும் வேறு. கூடுதல் விலைக்குரியதுதான் நல்லது என்று கடைக்காரர் சொல்ல, மாமா அதை எடுத்துக்கொண்டார். அப்பா இரண்டையும் இரண்டு கைகளில் தூக்கிப் பார்த்தார். விலை குறைந்த பெட்டிதான் கனமாக இருந்தது. உள்ளே சாமான் கூடுதலாக இருந்தால்தானே கனம் கூடும்? அவர் அதை வாங்கினார்.

கரை சேரும்வரை இருவரும் இதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்திருக்கிறார்கள். மாமா எங்கள் வீட்டு வாசல்வரை வந்து சவால் விட்டுப் போனார்.

"அடுத்த ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வாரோம் மாப்ள. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஓட்டுவோம். எது நல்ல சாமான்னு தெரிஞ்சுபோவும்லா?"

"வாங்க மச்சான். உங்களுதையும் மறக்காம தூக்கிட்டு வாங்க. கனம்தான் இல்லையே, கை நோவாது" என்றார் அப்பா.

மூன்று நாட்கள் பெட்டி ஓடியது. அட்டையில் 999 விளையாட்டுகள் என்று போட்டிருந்தது. நான் ஒவ்வொன்றாகத் திறந்து நோட்டில் குறித்துக்கொண்டே போனேன். பதினோரு விளையாட்டுகள்தான் இருந்தன. அவையே நிறத்தையும் பெயரையும் மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வந்தன. வட்ட மூடியைத் திறந்தால் சிடி வைக்கும் இடம் இல்லை, கேசட் செருகும் ஒரு பிளவு இருந்தது. எனக்கு எந்த வருத்தமும் இல்லை. பதினொன்றும் நல்ல விளையாட்டுகள். வியாழக்கிழமை மாலை விளக்கு அணைந்தது.

அப்பாவிடம் சொல்ல இரண்டு நாள் ஆனது. சனிக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பின் சொன்னேன். அவர் திட்டவில்லை. பெட்டியைத் தூக்கி, காதோரம் வைத்து, மெதுவாக இடமும் வலமும் சாய்த்தார். உள்ளே 'களுக்' என்றது.

"ஏளா, உள்ள சரக்கு நவுந்திருக்கு."

"சரக்கா?"

"கட்டாம வச்ச சரக்கு ஒரு பக்கமா சரிஞ்சா தோணி நிக்காது. அதே சத்தம்தான் இது. தொறந்து பாரு."

அம்மா அடுப்படியிலிருந்து வந்துவிட்டார். "புதுச் சாமானப் போயி பிள்ள கையில குடுத்துத் தொறக்கச் சொல்லுதிய? கரண்ட்டு அடிச்சா?"

"ஒயரப் பிடுங்கியாச்சு. நீ தையல் மிஷின்ல இருக்க ஸ்க்ரூடிரைவர எடுத்துக் குடு. அதுதான் சின்னது."

இன்று வேலையில் பல அசல் கருவிகளைப் பார்க்கிறேன். வினோதமான திருகுகள், கிழித்தால் உத்தரவாதம் செல்லாது என்று மிரட்டும் ஒட்டுத்தாள்கள். அப்பா அசலை வாங்கி வந்திருந்தால் அதைத் தொடக்கூட யாரும் என்னை விட்டிருக்க மாட்டார்கள். அந்தப் போலிப் பெட்டியைச் செய்த முகம் தெரியாதவர் நான்கு சாதாரணத் திருகுகளைப் போட்டிருந்தார். அவருக்கு இதுவரை யாரும் நன்றி சொல்லியிருக்க வாய்ப்பில்லை. நான் சொல்லிக்கொள்கிறேன்.

உள்ளே பெரும்பாலும் காற்றுதான். உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சைப் பலகை, நடுவில் தார் சொட்டியதுபோல ஒரு கறுப்புத் துளி. அந்தப் பலகையின் ஈயப் புள்ளிகளின் மேல் ஒரு இரும்புப் பட்டை சாய்ந்து கிடந்தது; அது பட்டுத்தான் விளக்கு அணைந்திருக்கிறது. சோப்புக் கட்டி அளவு. பெட்டியின் அடியில் பசை வைத்து ஒட்டியிருந்திருக்கிறார்கள். தோணியின் வெக்கையில் பசை இளகி, பிறகு எங்கள் வீட்டில் நான் தூக்கி வைத்து விளையாடியதில் கழன்றிருக்கிறது. அந்த இரும்புக்கு எந்த ஒயரும் போகவில்லை. வாங்குபவர் கைக்குக் கனம் காட்டுவதைத் தவிர அதற்கு ஒரு வேலையும் இல்லை.

அப்பா அதை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். "அரைக்கிலோ" என்றார்.

பட்டை இல்லாமலே பெட்டி ஓடியது. ஆனால் தூக்கினால் காலி டப்பா போல இருந்தது.

"திரும்ப ஒட்டிருவோம்பா. நான் நல்லா ஒட்டுதேன். மாமாவுக்குத் தெரியாது" என்றேன்.

"ஒட்டச் சொல்லுங்க" என்றார் அம்மா. "எங்க அண்ணன் வாயி உங்களுக்குத் தெரியாததா? அடுத்த சீசன் பூரா சொல்லிச் சொல்லியே கொல்லுவாவ. நீங்க மூட்டையத் தூக்கும்போதெல்லாம் தோணிக்காரவ சிரிப்பாவ."

அப்பா இரும்பை அலமாரியின் மேல் வைத்தார். "மூடிப் பூட்டு ளா" என்றார். ஒட்டச் சொல்லவில்லை.

மறுநாள் மாமா குடும்பத்தோடு வந்தார். வந்ததும் முதல் வேலையாக எங்கள் பெட்டியைத் தூக்கினார்.

"என்ன மாப்ள, பப்படம் கணக்கா இருக்கு! கனம் எங்க போச்சு?"

அப்பா அவசரப்படாமல் அலமாரியிலிருந்து இரும்புப் பட்டையை எடுத்து மாமாவின் கையில் வைத்தார்.

"கனம் இங்கன இருக்கு மச்சான். நான் இதத்தான் காசு குடுத்து வாங்கியிருக்கேன். மிஷின் சும்மா வந்துருக்கு."

மாமா பட்டையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஏலே, ஊருக்கெல்லாம் எடை சொல்லுத ஒனக்கே இரும்ப வித்துட்டானா!"

"வித்துட்டான். இந்தக் கைய நம்பித்தான் ஏமாந்தேன். தொறந்து கண்டுபிடிச்சது இவ."

அப்பா முகத்தில் ஒரு கோணலும் இல்லை. வெட்கப்பட வேண்டிய விஷயத்தை மழை பெய்ததைச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொல்ல முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. வேலையில் என் தவறுகளை நான் அறிக்கையின் முதல் வரியிலேயே எழுதுகிறேன். அதற்கான துணிச்சல் அந்த மதியத்தில்தான் கிடைத்தது.

மாமாவின் சிரிப்பு மெல்ல அடங்கியது. இரும்பை இன்னும் கையில் உருட்டிக்கொண்டே தன் பெட்டியைப் பார்த்தார். மாமா மகள்தான் கேட்டாள்: "எப்பா, அப்ப நம்மளுதுக்குள்ள என்ன இருக்கும்?"

"நல்ல சாமான் இருக்கும்."

"தொறந்து பாப்பமா?"

அப்பா இரும்பை மறைத்திருந்தால் மாமா நிச்சயம் மறுத்திருப்பார். ஒருவர் தான் ஏமாந்ததைத் தானே எடுத்து வைத்த பிறகு மற்றவர் மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

"தொற ளா. பாத்துருவோம்."

நான்கு சாதாரணத் திருகுகள். உள்ளே அதே பச்சைப் பலகை, அதே கறுப்புத் துளி. என் பெட்டியையும் திறந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை.

மாமா கீழே உட்கார்ந்துவிட்டார். "அப்ப நான் எதுக்குலே கூடக் காசு குடுத்தேன்?"

"இரும்பு இல்லாததுக்கு" என்றார் அப்பா.

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார். அங்கிருந்து அவர் சிரிப்பது எல்லோருக்கும் கேட்டது. மாமாவும் சிரித்தார், இந்தமுறை தன்னைப் பார்த்தே. சிரித்து முடித்ததும் தரையில் பிரிந்து கிடந்த இரண்டு பெட்டிகளையும், எட்டுத் திருகுகளையும் கொஞ்சம் கவலையோடு பார்த்தார்.

"ஏளா, ரெண்டையும் திருப்பிப் பூட்டத் தெரியுமா ஒனக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, "அவளுக்குத் தெரியும் மச்சான், நீங்க சாப்பிட வாங்க" என்று சொல்லி மாமாவை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார். நான் சரியாகப் பூட்டுகிறேனா என்று அப்பா நின்று பார்க்கவில்லை.