மாமன் நடித்த படம் வீட்டுக்கு வந்தபோது

பிள்ளைகளே, இது உங்களுக்கும் தெரிந்த கதைதான். ஆனால் அன்றைக்கு நீங்கள் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், நான் உங்கள் மாமனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் எழுதி வைக்கிறேன்.

வேப்பனப்பள்ளிப் பக்கம் உங்கள் அம்மாவின் தம்பிக்கு இருக்கும் மாந்தோப்பில் ஒரு தெலுங்குப் படம் எடுத்தார்கள். அவனையும் தோப்பு ஆளாக நிற்க வைத்தார்கள். அவன் சும்மா இருப்பானா, ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான். படம் கிருஷ்ணகிரித் தியேட்டரில் தமிழில் ஓடியது. அது மாங்காய் பறிக்கிற நேரம், அவனால் போக முடியவில்லை. போய்ப் பார்த்தவர்கள் திரும்பி வந்து, "மரம் எல்லாம் இருக்குது, உன்னத்தாண்டா காணோம்" என்றார்கள். அதற்குப் பிறகு டீக்கடையில் அவனுக்குப் பேரே ஹீரோ. "ஹீரோவுக்கு ஒரு டீ" என்று யாராவது சொன்னால் போதும், கடை முழுக்கச் சிரிக்கும். அவன் அந்தக் கடைப் பக்கம் போவதையே விட்டுவிட்டான்.

அந்தப் படம்தான் ஓடிடியில் வந்தது. பெரியவள் போனில் பார்த்துவிட்டு, "அப்பா, மாமா படம் வந்துருச்சு!" என்று குதித்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவன் பஸ் ஏறி ஓசூர் வந்துவிட்டான். எனக்கு அன்றைக்கு ஓவர்டைம். கம்பெனி பஸ் என்னை இறக்கிவிடும்வரை யாரும் டிவியைத் தொடவில்லை.

நம் வீட்டில் எந்தப் படம் போட்டாலும் முதலில் தமிழுக்கு மாற்றுவீர்கள். எனக்காகத்தான். உங்கள் அம்மா பிறந்த வீட்டில் தெலுங்குதான் பேசுவார்கள். நான் விருதுநகர்ப் பக்கத்து ஆள், சாப்பிட்டாயா என்று கேட்கிற அளவுக்குத்தான் எனக்குத் தெலுங்கு. அன்றைக்கும் சின்னவன் பழக்கத்தில் தமிழை வைத்தான்.

தோப்பு வந்தது. ஒரு ஜீப் பின்னோக்கி வந்தது.

"பாவா, இங்கதான். இப்ப வருவேன் பாருங்க" என்று உங்கள் மாமன் என் கையைப் பிடித்தான்.

ஜீப் நின்றது, கதாநாயகன் இறங்கினான், காட்சி முடிந்தது. சின்னவன் திரும்ப ஓட்டி நிறுத்தினான். மரத்துக்குப் பின்னால் ஒரு தோள் தெரிந்தது.

"மாமா, இது நீயா?"

"அந்தச் சட்டை என்னுது இல்லடா."

இன்னொரு முறை ஓட்டினோம். இல்லை. அவன் துண்டை எடுத்துத் தோளில் போட்டான். "கடைசி பஸ்ஸு போயிடும். கிளம்பறேன்க்கா."

அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. "இருப்பா, சாப்பிட்டுப் போகலாம்" என்றேன். உங்கள் அம்மாதான் வாசலை மறித்துக்கொண்டு, "அப்படி என்னதான்டா நடிச்ச நீ?" என்று கேட்டாள்.

"நடிக்க எங்க விட்டாங்க? ஜீப்பு ரிவர்ஸ்ல வந்துச்சு. பின்னாடி நான் புதுசா வெச்ச ஒட்டு மாங்கன்னு. மேல ஏத்திடுவானுங்கன்னு நெசமாவே கத்திட்டேன். டைரக்டரு, நல்லா இருக்குது, இதே இருக்கட்டும்னாரு."

"எதுல கத்தின?"

"இது என்ன கேள்விக்கா? பதட்டத்துல தமிழா வரும் எனக்கு?"

உங்கள் அம்மா சின்னவன் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்கினாள். "தமிழ்ல வெச்சுக்கிட்டு இவன எங்கடா தேடுறீங்க!"

தெலுங்குக்கு மாற்றினாள். ஜீப் மறுபடி பின்னோக்கி வந்தது. ஆளைக் காணோம். ஆனால் எங்கிருந்தோ ஒரு கத்தல்: "ரேய், செட்டு சூடு! செட்டு சூடு!" மரத்தைப் பாருடா என்று அர்த்தம். அவன் குரலேதான். தமிழில் அந்த இடத்தில் யாரோ ஒருவர், "பார்த்து வாங்க சார்" என்று மரியாதையாகச் சொல்லியிருந்தார்.

அவன் நின்றபடியே, "இன்னொரு வாட்டி போடு" என்றான்.

அப்புறம் ஊரிலிருக்கும் தன் மனைவிக்கு, உங்கள் அத்தைக்குப் போன் போட்டு, போனை டிவிக்கு நேராக நீட்டினான். அந்தப் பக்கமிருந்து தெலுங்கில் ஏதோ சொன்னாள், நீங்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். பெரியவள் எனக்குச் சொன்னாள்: "இந்தக் கத்தலத்தான் நான் தினமும் கேக்கறேனே, இதுக்கு ஓசூர் போகணுமான்னு கேக்கறாங்கப்பா."

"கேக்கட்டும். நாளைக்கு டீக்கடைக்காரனும் கேக்கட்டும்" என்று அவன் அதைச் செல்லில் பதிவு செய்துகொண்டான்.

அவன் பஸ்ஸை விட்டுவிட்டான். படத்தை முதலிலிருந்து தெலுங்கிலேயே போட்டோம், கீழே தமிழ் எழுத்து ஓடியது. நான் ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். விட்டுப்போனதை நீங்கள் இரண்டு பேரும் இரண்டு காதிலும் சொல்லிக்கொண்டே வந்தீர்கள்.