தலைகீழாகத் தொங்கிய நெப்போலியன்

சைகோனில் பதினான்கு வருஷம் பிரெஞ்சுப் பட்டாளத்துக்குச் சோறாக்கியவர் சொல்தா சகாயநாதன். அந்தப் பட்டாளம் அவருக்குக் கொடுத்தது ஒரு பென்ஷனும், குண்டுச் சிதறலில் போன இரண்டு விரல்களுக்காக ஒரு நன்றிக் கடிதமும். பதக்கம் இல்லை. கொன்றவனுக்குத்தான் பதக்கம், அவனுக்குச் சோறு போட்டவனுக்கு எதற்கு?

பிரெஞ்சு தேசிய தினமான ஜூலை பதினாலாம் தேதி, புதுச்சேரிக் கடற்கரையில் பழைய சொல்தாக்கள், அதாவது அந்தப் பட்டாளத்துச் சிப்பாய்கள், கூடுவார்கள். மார்பில் பதக்கம் குத்தியவனுக்கு முன்வரிசை நாற்காலி; மற்றவன் பின்னால் நிற்கவேண்டும். ஐம்பத்துநாலில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியது, நாற்காலி வரிசை மாறவில்லை. நின்று நின்று சகாயநாதனுக்குக் கால் கடுத்தது. அதைவிட மனம் கடுத்தது.

பாரீஸில் புதிதாக அடித்து விற்கிற தங்கப் பதக்கங்களை, கப்பலில் வருகிற சிநேகிதர்கள் மூலம் வாங்கிச் சேர்த்தார். எல்லாவற்றிலும் செத்து நூறு, இருநூறு வருஷமான தளபதிகளின் முகம். வெல்வெட் பெட்டிக்குள் ஐந்து பேர் படுத்திருந்தார்கள். மனைவி ஸ்டெல்லாமேரியின் கழுத்தில் கவரிங் சங்கிலி.

"அஞ்சு கொலகாரனுக்குத் தங்கம், எனக்குக் கவரிங்கா?"

"வீரனுங்கடி."

"அதுல எவனாச்சும் உங்க சோத்தத் தின்னானா?"

அறுபத்தொன்றாம் வருஷ விழாவுக்கு அதில் ஒன்றைக் குத்திக்கொண்டு போகச் சகாயநாதன் துணிந்துவிட்டார். அலமாரியில் வைக்கிற பதக்கங்களுக்கு மாட்ட வளையம் கிடையாது. நெப்போலியனை எடுத்துப்போய்ப் பஞ்சநாதப் பத்தரிடம் வளையம் பற்றவைக்கக் கொடுத்தார்.

காசுமாலைக்கு வளையம் வைத்தே பழகிய கை அது. பதக்கத்தில் ஒரு பக்கம் தொப்பிக்காரன். மறுபக்கம் இறக்கையும் மாலையுமாக ஒரு பெண். மகாலட்சுமி மாதிரி பொம்பளை நிற்கிற பக்கம்தானே முகப்பு? பத்தர் அவள் தலைக்கு மேலே வளையத்தை வைத்துவிட்டார். பாரீஸ்காரன் இரண்டு பக்கத்தையும் ஒன்றுக்கொன்று தலைகீழாக அடித்திருந்தான்.

"என்னா பத்தரே, இவரு தலைகீழாத் தொங்குறாரு?"

"அந்தம்மா நேரா நிக்கிறாங்களா இல்லியா? அதப் பாருங்க."

விடிந்தால் விழா; மாற்ற நேரமில்லை. பெண் இருக்கிற பக்கத்தை வெளியே காட்டிக் குத்திக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். கை குலுக்கியபடி வந்த பிரெஞ்சு அதிகாரி குனிந்து பார்த்தார். கடற்காற்று பதக்கத்தைப் புரட்டிவிட்டது. தலைகீழ் நெப்போலியனைக் கண்டு அதிகாரிக்குச் சிரிப்பு.

"எந்தப் போரில் இவர் கையால் வாங்கினீர்?"

சகாயநாதன் விரல் போன கையைச் சட்டைப்பையில் ஒளித்துக்கொண்டார். காட்ட வேண்டிய கையே அதுதான். நாற்காலி வேறொருவருக்குப் போயிற்று.

வீட்டில் அந்தப் பதக்கத்தை ஸ்டெல்லாமேரி பிடுங்கித் தன் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். மாதாகோயில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், இறக்கை வைத்தவளைத் தேவதூதர் என்று நினைத்துப் பெண்கள் மொய்த்தார்கள்.

"எந்தக் கோயிலு சம்மனசு இது, அக்கா?"

"பாரீஸ்லேர்ந்து எங்க வூட்டுக்காரரு வரவழச்சாரு."

ஒருத்தி காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிவந்து முத்தமிட வைத்தாள். லட்சக்கணக்கில் ஆளைச் சாகக் கொடுத்தவர், பின்பக்கம் தலைகீழாகத் தொங்கியபடி அந்த மாதமே மூன்று காய்ச்சலைக் குணப்படுத்தினாராம்.

இப்போது கோயிலில் முன்வரிசை ஸ்டெல்லாமேரிக்குத்தான். சகாயநாதன் அங்கேயும் பின்னால் நிற்கிறார்.