சிவப்புத் துணி சுற்றிய சிரட்டை

போன தேர்தலில் என் சின்னவிரலில் மை பூசிய உத்தியோகத்தர், "வாக்குப் போட்டாச்சு, போங்கோ அம்மா" என்றார். எனக்குச் சுருக்கென்றது. வாக்கு என்ன குப்பையா, போட்டுவிட்டுப் போக? அது கொடுக்கிற சாமான். பெயரெழுதும் அளவுக்குத்தான் எனக்குப் படிப்பு. ஆனாலும் இதை எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. அந்த மையைப் பார்க்கும்போதெல்லாம் சிவப்புத் துணி சுற்றிய ஒரு தேங்காய்ச் சிரட்டை கண்ணுக்குள் வருகிறது.

வெள்ளைக்காரன் ஆண்ட நேரம், யப்பான் சண்டைக் காலம். சீனன்குடாவில் விமானம் இறங்கும் தளத்துக்குப் பெண்கள் நாங்கள் மண் சுமந்தோம். அண்ணன் பெண்சாதியும் என்னோடு வந்தாள். அவளை மச்சாள் என்றுதான் கூப்பிடுவேன். மத்தியானம் நாங்கள் சோற்றை அவிழ்க்க, எங்களை வேலை வாங்கும் கங்காணியார் பேப்பரை விரித்து உலகத்து ஆட்சிகளை அளப்பார். "யப்பானிலை ராசாதான் சாமி. ரஷ்யாவிலை ராசாவே இல்லை. இங்கிலாந்திலை ராசா இருக்கிறார், ஆனா சட்டம் போடுறது சனம் தெரிஞ்செடுத்த ஆக்கள். செருமனியிலை ஒருத்தன் சொன்னாச் சரி, மறுத்துக் கதைக்க ஏலாது."

"இஞ்சை, மண் அள்ளுற இடத்திலை?" என்று கேட்டாள் மச்சாள்.

"இஞ்சை நான் சொல்லுறதுதான்."

"அப்ப பிள்ளையள், நாங்கள் செருமனியிலைதான் மண் சுமக்கிறம்!"

சிரிப்பில் எனக்குப் புரையேறியது. கங்காணியாரும் சிரித்தார், ஆனால் பேப்பரை மடித்துவிட்டார்.

பிறகு ஒரு காலை யப்பான்காரன் வந்து குண்டு போட்டான். பட்டாளத்துக்காரர் பதுங்குகுழிக்குள் இறங்கினார்கள். எங்களுக்குக் குழி இல்லை. மண்குவியலோடு முகத்தைப் புதைத்துக் கிடந்தோம். நகரத்துச் சனம் கந்தளாய்ப் பக்கம் ஓடியது. கூலி இல்லாமல் எங்கே ஓடுவது? நாங்கள் திரும்பி வந்தோம். ஆனால் உடம்பு நிலைகொள்ளவில்லை. கூடை தலையில், கண் வானத்தில். ஒரு லொறி உறுமினாலும் கால் ஓடப் பார்க்கும். எங்களுக்கும் ஒரு குழி வேண்டும் என்று கேட்டோம். "வெள்ளைக்காரத் துரையோடை கதைக்கிறன்" என்று கங்காணியார் சொல்லிக்கொண்டேயிருந்தார். கதைக்கவில்லை.

மச்சாள் சண்டைக்கு முந்திய தேர்தலில் வாக்குக் கொடுத்தவள். அப்போது ஆளுக்கொரு நிறத்தில் பெட்டி வைப்பார்கள்; எழுத்தறியாதவர்களுக்கும் குழப்பமில்லை. அதே மாதிரி இரண்டு சிரட்டை வைத்தாள். வெறும் சிரட்டை கங்காணியாருக்கு. தன் சேலைக்கரையைக் கிழித்துச் சுற்றிய சிவப்புச் சிரட்டை தனக்கு. துரையோடு யார் கதைக்க வேண்டுமோ அவர் சிரட்டையில் ஆளுக்கொரு புளியங்கொட்டை. சிவப்பு நிறைந்தது. வெறும் சிரட்டையில் ஒன்றே ஒன்று கிடந்தது. "நான்தான் போட்டனான். அண்ணன் எல்லே" என்றாள் எங்களோடு மண் சுமந்த கங்காணியாரின் தங்கை, தலையைக் குனியாமல்.

மச்சாள் துரைக்கு முன்னால் போய் நின்றாள். அவள் சொன்னதை இங்கிலீசில் சொல்ல வேண்டிய வேலை கங்காணியாருக்கு வந்தது. துரை முகம் சிவந்து கத்தினார். "உன்னை வீட்டை போகட்டாம். மற்ற ஆக்களை வேலைக்குப் போகட்டாம்" என்றார் கங்காணியார்.

ஒருத்தியும் அசையவில்லை.

"எடி பிள்ளையள், வாக்குப் போட்டா அதோடை முடிஞ்சுது. பிறகு அவரவர் வேலையைப் பாக்கிறதுதான் எல்லா நாட்டிலையும் வழக்கம்" என்று அவர் கெஞ்சினார். எங்களுக்கு அது விளங்கவேயில்லை. வாக்கு என்றால் கொடுத்த சொல். சொல்லைக் கொடுத்துவிட்டு எப்படி விலகுவது? "நாங்கள் இவவுக்கு வாக்குக் குடுத்தனாங்கள்" என்று சொல்லிக் கூடையைக் கீழே வைத்து, அதன் பக்கத்தில் மண்ணில் குந்தி இருந்தேன். மற்றவர்களும் இருந்தார்கள். கடைசியாக, வெறும் சிரட்டையில் கொட்டை போட்டவளும் வந்து இருந்தாள். தளமோ அவசர வேலை. துரை சரியென்று தலையை ஆட்டிவிட்டுப் போனார். பொழுது சாயமுன் எங்கள் குழியை நாங்களே வெட்டினோம். முதல் மண்ணை மச்சாள் அள்ளினாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ பேருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். ராசா போனார், குடியரசு வந்தது, சனாதிபதி வந்தார். ஒவ்வொரு முறையும் கொடுத்துவிட்டு வந்தால் வீட்டில் இருப்புக்கொள்வதில்லை. வாசல் படலைக்குப் போவதும் வருவதுமாக இருக்கிறேன். "ஆரம்மா வரப்போகினம்?" என்று மகள் முகத்தை நெளித்து நக்கலடிக்கிறாள். மச்சாள் எங்கே நின்றாள் என்று எங்களுக்குத் தெரியும். போய்ப் பின்னால் இருந்தோம். நான் வாக்குக் கொடுத்த இவர்கள் எங்கே நிற்கிறார்கள்? விரலில் மை இன்னும் அழியவில்லை. கொடுத்த வாக்கோடு நான் எங்கே போய் இருக்க?