மகளுக்கு அடிக்காத மணி

வில்லியனூர் பக்கத்தில் எங்கள் ஊர் மாதா கோயிலுக்கு அவர்தான் கோயில்பிள்ளை; மணி அடிப்பதும் பூசைக்கு எடுத்து வைப்பதும் அவர் வேலை. ஒடிசலான ஆள். மணிக் கயிற்றைத் தொடுமுன் தோள் துண்டை எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டுவார். கல்யாணமோ சாவோ, அது மாறாது. அவர் அடிக்கும் துக்க மணியைக் கேட்டுத்தான் ஊரே போட்டது போட்டபடி சாவு வீட்டுக்குக் கிளம்பும்.

அவருடைய ஒரே மகள் காய்ச்சலில் கிடந்து, பெரிய வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தாள். பெரிய வியாழனன்று நிறுத்திய மணியை உயிர்ப்புப் பூசைவரை யாருக்காகவும் அடிக்கக் கூடாது. ஊருக்கெல்லாம் அடித்தவரின் மகளை மறுநாள் சனிக்கிழமை, மணிக்குப் பதில் மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு எடுத்துப் போனோம்.

கல்லறையிலிருந்து திரும்பும்போது சொன்னேன்.

"நாளைக்கி மணிய நான் அடிக்கிறேண்ணே. நீங்க வூட்ல இருங்க."

"வாணாம்பா."

எனக்கு ஆத்திரம். நானும் அந்தப் பெண் பிழைக்க முழங்காலில் நின்று வேண்டியவன்தான். "இன்னுமா ஆண்டவர நம்புறீங்க?"

"எனக்கே தெரியலபா. அவரு உயிர்த்தாருன்னா மணி அடிக்கிறது என் வேல. எம் பொண்ணுக்குத்தான் ஒண்ணும் அடிக்கல. அவளுக்கும் சேத்து அடிச்சிடறேன்."

ஞாயிறு விடியற்காலை உயிர்ப்புப் பூசையில் சாமியார் 'உன்னதங்களிலே' பாட்டைத் தொடங்கியதும் துண்டை இடுப்பில் கட்டினார். அந்தப் பாட்டு முடியும்வரை உயிர்ப்பு மணியை விடாமல் அடிக்க வேண்டும். அவரோ ஒன்று அடித்து நிறுத்தினார். மறுபடி ஒன்று. துக்க மணி. கோயிலே திரும்பிப் பார்த்தது. பிறகுதான் கயிறு வேகம் பிடித்தது.

பாட்டு முடிந்தும் அவர் நிறுத்தவில்லை. கயிற்றைப் பிடிக்கப் போன நான், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து முழங்காலில் நின்றேன்.