வெள்ளைக் கோடும் வெறும் கோடும்

மேற்குத் தாம்பரத்தில் நான் வேலை பார்க்கும் கடையில் இரண்டு நாற்காலிகள். ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் இருப்பது என்னுடையது. இன்னொன்று டிசைன் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிறது. அதில் உட்கார்ந்திருந்தவர் நாவலூர் பக்கம் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். திங்கட்கிழமை புது ஆள் வருகிறான் என்று கடைக்கார அண்ணன் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கூட்டம் இல்லாத மதியங்களில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நானே கொஞ்சம் கற்றுக்கொண்டிருந்தேன். பத்தாவது முடிக்காதவளை யார் அங்கே உட்கார வைப்பார்கள் என்று ஒரு பயம். கேட்காமலே இருந்துவிடுவேனோ என்று அதைவிடப் பெரிய பயம்.

சனிக்கிழமை காலை சேலையூரிலிருந்து ஒரு மிஸ் வந்தார். பள்ளி ஆசிரியை, சர்ச்சில் பாடகர் குழுவை நடத்துபவர். மறுநாள் சாயங்காலம் பாடல் விழா. மேடைக்குப் பின்னால் கட்ட பேனர் வேண்டும். பேனர் முழுக்கக் குழுவின் படம், அதன் மேல் ‘பாடல் விழா’ என்ற எழுத்து.

“எழுத்து நல்லா பெருசா இருக்கணும்மா. ஆனா யாரோட முகமும் மறையக் கூடாது. போன வருஷம் எழுத்துக்குப் பின்னாடி மாட்டினவங்க இன்னும் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசல” என்று போனில் ஒரு மாதிரியைக் காட்டினார். எழுத்துக்குள்ளே வரிவரியாகக் கோடுகள். அந்தக் கோடுகள் வழியாகப் பின்னால் இருந்த படம் தெரிந்தது.

“ஆளு இல்லியே மிஸ்” என்று அண்ணன் தலையைச் சொறிந்தார்.

“நான் பண்றேன்ணா” என்றேன்.

“இன்னாம்மா, வெளாட்றியா? ஃப்ளெக்ஸ மெஷின்ல ஓட்டிட்டா ஓட்டனதுதான், அப்புறம் மாத்த முடியாது.”

“ஓட்டறதுக்கு முன்னாடி மிஸ்கிட்ட காட்டிடறேன்.”

வெறும் பக்கத்தில் சிவப்பாக எழுத்தை அடித்தேன். அதன் மேல் வெள்ளைக் கோடுகளை வரிசையாக வைத்தேன். அப்படியே மாதிரியில் இருந்தது போலவே இருந்தது. இவ்வளவுதானா என்று மூச்சு வந்தது. பிறகு குழுவின் படத்தை எழுத்துக்கு அடியில் கொண்டுவந்து வைத்தேன்.

வெள்ளைக் கோடுகள் வெள்ளையாகவே இருந்தன.

“என்னம்மா இது, எல்லாருக்கும் பேண்டேஜ் சுத்தின மாதிரி இருக்கு?” என்றார் மிஸ்.

ஜெராக்ஸ் போட்டே பழகிய கண் என்னுடையது. அங்கே மை படாத இடம் வெள்ளை. வெள்ளை என்றால் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். இங்கே வெள்ளையும் ஒரு நிறம், படத்தை மறைக்கிற நிறம். எனக்கு வேண்டியது கோடு இல்லை, கோடு வடிவத்தில் ஓட்டை.

“மிஸ், ஒரு டீ குடிச்சிட்டு வாங்களேன்.”

“உன்ன நம்பி அவங்கள டீக்கு அனுப்பறேன் பாரு” என்று அண்ணன் முனகினார்.

போனில் ஒரு வீடியோ கிடைத்தது. பேசியவர் இந்தியில் பேசினார். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. அம்புக்குறி எங்கே போகிறது என்பது மட்டும் புரிந்தது. சத்தத்தை அணைத்துவிட்டு அதன் பின்னாலேயே போனேன். படம், எழுத்து, கோடு ஒவ்வொன்றும் கண்ணாடித் தாள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகத் தனித்தனி அடுக்கு. முதலில் எழுத்தை அழிக்க முடிகிற படமாக மாற்ற வேண்டும். பிறகு கோடுகளைத் தேர்ந்தெடுத்து, எழுத்து இருக்கும் அடுக்குக்குத் தாவி, அங்கே அழிக்க வேண்டும். கடைசியில் வெள்ளைக் கோடுகளின் அடுக்கையே தூக்கிப் போட வேண்டும். தப்பான அடுக்கில் நின்றுகொண்டு அழித்ததில் ஒருமுறை குழுவின் படமே போனது. அதைத் திரும்பக் கொண்டுவந்தேன். அடுத்த முறை எழுத்துக்குள் கோடு கோடாக ஓட்டை விழுந்தது, ஓட்டைக்குள் முகங்கள்.

ஆனால் ‘ப’வின் அடிக்கோடு முழுசாக ஒரு வரியில் மாட்டிக் காணாமல் போய், இரண்டு குச்சிகள் மட்டும் நின்றன. எல்லாவற்றையும் விட்டுவிட்டு எழுந்துவிடலாம் போலிருந்தது. எழவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்து, கோடுகளைச் சாய்த்து வைத்து அழித்தேன். ‘ப’ நின்றது.

மிஸ் திரும்பி வந்து ஒவ்வொரு முகமாக விரல் வைத்துப் பார்த்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

“இவருக்கு மீசை மட்டும்தான் தெரியுது.”

“மாத்திடறேன் மிஸ்!”

“வேணாம்மா. அவரப் பொறுத்தவரைக்கும் மீசைதான் முகம். ஓட்டுங்க.”

பின்னறையில் மெஷின் ஓடத் தொடங்கியது. மிஸ் படியிறங்கும் வரை காத்திருந்து, மனம் மாறுவதற்குள் கேட்டுவிட்டேன்.

“அண்ணா, இந்த சீட்டுக்கு ஆள் வேணாம். நானே உக்காந்துக்கறேன்.”

“நீயா? ஷட்டர் பூட்டுனா நாலு வாட்டி இழுத்துப் பாக்கற ஆளாச்சே நீ.”

“பயம் இருக்குண்ணா. இருந்தாலும் பண்ணுவேன்.”

“அப்ப ஜெராக்ஸ யாரு பாக்கறது?”

“ஆள் கிடைக்கற வரைக்கும் அதையும் நானே பாக்கறேன்.”

அண்ணன் பின்னறைக்குப் போய், உருண்டு வந்துகொண்டிருந்த பேனரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். போனை எடுத்தார்.

“தம்பி, திங்கக்கெழம வர்றேன்னியே... உனக்கு ஜெராக்ஸ் போடத் தெரியுமா?”

நான் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த நாற்காலியின் உயரத்தைக் குறைத்தேன். இத்தனை நேரமும் எனக்குத் தரையில் கால் எட்டவில்லை.