கடலுக்குள் கோட்டை, கரையில் நாலு பை

போன வாரம் கடலுக்குள் நடந்துபோய் ஒரு கோட்டையைப் பார்த்துவிட்டு வந்தேன். நிஜமாகத்தான். படகு இல்லை, பாலம் இல்லை... புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, நடந்தே.

திருவனந்தபுரத்தில் எங்கள் வீடே பழைய கோட்டை மதிலுக்குள்தான் இருக்கிறது. அப்படிப்பட்டவளுக்கு இன்னொரு கோட்டை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். மும்பையில் ஒரு கல்யாணம். அது முடிந்து ஒரு நாள் மிச்சம் இருந்தது. பக்கத்தில் அலிபாகில் கடலுக்கு நடுவே மராட்டியர் காலத்துக் கோட்டை ஒன்று இருக்கிறது என்று என் கணவரின் அக்கா சொன்னார். சரி, சும்மா லாட்ஜில் படுத்துக் கிடப்பதற்கு அதையாவது பார்ப்போமே என்று கிளம்பிவிட்டோம். நான், என் கணவர், அக்கா — ஆள் மூன்று. பை நாலு.

பையை ஏன் எண்ணிச் சொல்கிறேன்? காரணம் இருக்கிறது.

எல்லார் வீட்டு டூரிலும் ஒருவர் இருப்பார், கவனித்திருக்கிறீர்களா? மற்றவர்கள் இறங்கி ஓடும்போது, "நீங்க இருங்கோ, பை இருக்கே" என்று விட்டுவிட்டுப் போகிற ஒருவர். எங்கள் வீட்டில் அது விசாலம் அக்கா. வயது அறுபத்தைந்து. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அரசாங்க ஆபீஸில் ஃபைல்களோடு மல்லுக்கட்டி ரிட்டயரானவர். எங்களோடுதான் இருக்கிறார்.

பொன்முடி மலைக்குப் போனோம் — அக்கா காரில். வழியில் கல்லாற்றில் இறங்கிப் பாறை பாறையாகத் தாவினோம் — அக்கா கரையோர டீக்கடையில், எங்கள் செருப்புகளோடு. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனோம் — அக்கா வெளியே மரத்தடியில். அந்தப் பக்கத்துப் பார்க்கிங் எல்லாம் அவருக்கு அத்துப்படி. 'பாவம், மூட்டு வலி' என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். அதுவும் பொய் இல்லை.

அலிபாகுக்குப் படகும் பஸ்ஸுமாகப் போனதால் நாலு பையும் கையோடு இருந்தன. கடற்கரையில் நின்று பார்த்தால் கோட்டை இதோ, கைக்கெட்டும் தூரத்தில். கடல் இறங்கியிருந்த நேரம். ஜனங்கள் கணுக்கால் தண்ணீரில் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். குதிரை வண்டிகளும் கடலுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தன. ஒரு வண்டிக்காரர் எங்களிடம் ஹிந்தியில் எச்சரித்தார் — ஒன்றரை மணி நேரத்துக்குள் திரும்பிவிடுங்கள், அப்புறம் கடல் ஏற ஆரம்பித்துவிடும்.

என் கணவர் ஒரு சிமென்ட் பெஞ்சைத் தேடிப்பிடித்துப் பைகளை அடுக்கினார். "அக்கா, நீ இங்க இரு. நாங்க சட்டுனு போயிட்டு வந்துடறோம், கேட்டியா?"

அக்கா உட்காரவில்லை.

"இல்லைடா மணி. இன்னிக்கு நீ இரு. நான் போறேன்."

"அந்த வண்டி எவ்வளவு ஒசரம் பாரு. உன்னால ஏற முடியாதுக்கா."

"ஏறத்தான் முடியாது. நடக்க முடியுமாக்கும்."

"கடல்லயா?"

"பின்னே? கோட்டை அங்கல்ல இருக்கு."

என் கணவர் என்னைப் பார்த்தார். வாரா வாரம் இந்தப் பக்கத்தில் உங்களுக்கெல்லாம் புத்தி சொல்கிறவள் என்ன செய்திருக்க வேண்டும்? நான் சொன்னது இதுதான்: "அக்கா, உங்க முட்டி..."

அக்கா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"முட்டி வலி வந்து எட்டு வருஷம் ஆச்சு. கன்யாகுமரிப் பாறைக்கு நீங்க போட்ல போனேளே, அது எப்போ? உன் பொண்ணு கைக்குழந்தை. அவளை மடியில போட்டுண்டு, பையைப் பார்த்துண்டு, கரையில இருந்தது நான்தான். அன்னிக்கு என் முட்டிக்கு என்ன கேடு?"

அந்தக் கைக்குழந்தை இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன் — ரொம்ப வெட்கமாக இருந்தது.

"நீங்க இருங்கோ, நான் அக்காவோட போறேன்" என்றேன் என் கணவரிடம். அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். அவருக்கு அந்த உத்தியோகம் புதிது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

இறங்கினோம். கணுக்கால். முக்கால்வாசித் தூரத்தில் ஒரு பள்ளம், அங்கே முழங்கால். தண்ணீர் பக்கவாட்டில் இழுக்கிறது. காலடியில் மணல் நகர்கிறது. யார் பயந்தது என்று நினைக்கிறீர்கள்? நான்தான். அக்காவின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"காலைத் தூக்கித் தூக்கி வைக்காதே. தரையோட தேய்ச்சு வை. அலை வந்தா பக்கவாட்டுல திரும்பி நில்லு."

"இதெல்லாம் எங்கே படிச்சேள்?"

"சங்குமுகத்துல."

ஆறு மாதமாக அக்கா விடிகாலையில் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார். திரும்பி வர எட்டு மணி ஆகும். வயசானவர், பிரதட்சிணம் மெதுவாகச் செய்வார் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அங்கிருந்து பஸ் பிடித்து சங்குமுகம் கடற்கரைக்குப் போய், அலை நனைக்கிற ஓரமாக நடந்து பழகியிருக்கிறார்!

"பிள்ளையாரைப் பார்த்துட்டுத்தான் பஸ் ஏறுவேன். பொய் சொல்லலை" என்றார். "அங்க ஒரு லைஃப்கார்டு உண்டு. நான் கொஞ்சம் உள்ளே போனா போதும், 'அம்மே, அத்ர மதி', அவ்வளவு போறும்னு விசில் ஊதுவான். தண்ணியில முட்டிக்குப் பாரமே தெரியலை, கேட்டியா?"

குளியலறையில் தினமும் மணல் கிடந்ததற்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது. தண்ணீரில் மணல் வருகிறது என்று நான் இரண்டு தடவை ஆள் வைத்துத் தொட்டியைக் கழுவியிருந்தேன்.

"ஏன்க்கா இத்தனையும்?"

"டிவியில இந்தக் கோட்டையைக் காட்டினான். நடந்தே போலாம்னான். போட்ல ஏற வேண்டாம், தாவ வேண்டாம். எனக்குன்னே கட்டி வச்ச மாதிரி இருந்தது. அப்புறம் மும்பையில கல்யாணம்னு பத்திரிகை வந்தது. விடுவேனா?"

தண்ணீர் முடிந்த இடத்தில்தான் கஷ்டம் ஆரம்பித்தது. பாசி பிடித்த கற்கள், பிறகு படிகள். ஒவ்வொரு படிக்கும் ஒரு காலை வைத்து, மற்ற காலை அதனோடு சேர்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார். நான் கை நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தார். பின்னால் வந்த ஒரு கல்லூரிக் கூட்டம் அவசரப்படுத்தாமல் நின்றது. கடைசிப் படியில் அக்கா வாசல் கல்லை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார்.

"வந்துட்டேன்" என்றார். என்னிடம் இல்லை, கோட்டையிடம்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. உப்புக் காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே எல்லாம் பார்த்தோம். அங்கேயும் ஒரு பிள்ளையார் இருக்கிறார். சுற்றிலும் உப்புக் கடல், நடுவில் குடிக்கிற தண்ணீர்க் கிணறு — அதை எட்டிப் பார்த்து அக்கா அதிசயப்பட்டார். மதில் மேல் ஏறி, பீரங்கி பக்கத்தில் நின்றார். தூரத்தில் கரை. அதில் ஒரு புள்ளி, என் கணவர். போன் அடித்தது.

"அக்கா, தண்ணி பாட்டில் எந்தப் பையில இருக்கு?"

"நீலப் பை. சைடு ஜிப்."

"உள்ளே எப்படி இருக்கு?"

"போட்டோ எடுத்துண்டு வரேன், பாரு."

போனை வைத்துவிட்டுச் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை அந்த முகத்தில் நான் பார்த்ததில்லை. சண்டை போட்டு இந்தக் கோட்டையைப் பிடித்தவர்கள்கூட அப்படிச் சிரித்திருப்பார்களா... சந்தேகம்தான்.

நேரத்தை நான்தான் கோட்டைவிட்டேன். நாங்கள் திரும்பும்போது கடல் ஏற ஆரம்பித்திருந்தது. போகும்போது கணுக்கால் நனைந்த இடத்தில் இப்போது முழங்கால். பள்ளத்தில் அதற்கும் மேல். அக்கா என் கையை விடவில்லை. தேய்த்துத் தேய்த்து, அலை வரும்போது திரும்பி நின்று, என்னையும் நிறுத்தி... பள்ளத்தைத் தாண்டிவிட்டோம்.

அப்போதுதான் பார்த்தேன். ஒருவர் பேண்ட்டோடு, தொடை வரை நனைந்து, எங்களை நோக்கித் தண்ணீரை உழுதுகொண்டு வருகிறார். என் கணவர்.

"தண்ணி ஏறறதைப் பார்த்தேன். உட்கார முடியலைக்கா. பயந்துட்டேன்" என்றார், மூச்சு வாங்க. அக்காவின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார். அது அக்காவுக்குத் தேவையே இல்லை. ஆனாலும் கொடுத்தார்.

"அப்போ பை?" என்றேன் நான்.

மூன்று பேரும் ஒரே சமயத்தில் கரையைப் பார்த்தோம். அத்தனை ஜனம் போய் வருகிற கடற்கரை. பெஞ்சு. பெஞ்சின் மேல், வைத்தது வைத்தபடி, நாலு பை. பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. ஒரு நாய்கூட இல்லை.

முப்பது வருஷம் இந்தப் பைகளுக்குத்தான் அக்கா காவல் இருந்தார்.

அக்கா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஷெரி, தூக்கிண்டு வாங்கோ" என்றார் எங்களிடம்.

பிறகு வெறுங்கையை வீசிக்கொண்டு முன்னால் நடந்தார்.